பதினோரு நிமிட அழுகை

கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். கண்ணாடிக்குள், அவளுடைய தோளுக்குப் பின்னால், கட்டிலில் கிடந்த குழந்தை அழுதுகொண்டிருந்தது. முகம் சிவந்து, கண் இடுங்கி, பல் முளைக்காத ஈறு தெரிய வாயைப் பிளந்து, இரண்டு கைகளையும் முறுக்கிக்கொண்டு, நான்கு மாதக் குழந்தை அழுகிற அத்தனை லட்சணத்தோடும் அழுதது. சத்தம் மட்டும் வரவில்லை.

முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். சினிமாவுக்கு ஒலி சேர்ப்பது அவள் வேலை. காது போனால் பிழைப்பு போச்சு என்ற பயம் அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உண்டு. சீப்பால் மேசையைத் தட்டிப் பார்த்தாள். கேட்டது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் விடுகிற சின்ன முனகல் கேட்டது, சமையலறையில் அக்கா பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது கேட்டது, கீழே தெருவில் யாரோ கிளம்ப மறுக்கிற மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து ஓய்வதுகூடக் கேட்டது. திரும்பினாள். குழந்தை வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்தது. கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"அக்கா, குட்டி அழறா. ஆனா சத்தமே வரலை."

"வராட்டி நல்லதுதானே?" அக்கா கையைத் துடைத்தபடி வந்தாள். "ஒரு வாரமா வீடு வீடா இருக்கு. மேல் வீட்டுக்காரர் லிஃப்ட்ல என்னைப் பார்த்து சிரிச்சார்னா பார்த்துக்கோ. சைரனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு. நீ கண்ணு வைக்காதே."

சைரன் என்பது அக்கா வைத்த பெயர். பிறந்த நிமிடத்திலிருந்து குட்டிக்கு அப்படி ஒரு தொண்டை. பசித்தால் மூன்று மாடிக்கும் தெரியும். கப்பலில் வேலை செய்கிற அப்பாவுக்கு, மகளை இன்னும் நேரில் பார்க்காத அந்த மனிதனுக்கு, ஃபோனில் அந்த அழுகைதான் மகள். "குடுடி, கொஞ்சம் கத்தச் சொல்லு" என்பான். மூன்று நாளாக அவன் கேட்டபோதெல்லாம், தூங்குகிறாள் என்று அவள் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் முன் குழந்தையை மார்பில் சேர்த்தாள். குட்டி சமர்த்தாகச் சப்பியது. ஒன்றும் இறங்கவில்லை. துவைத்துப் பிழிந்த துணியாக மார்பு தொங்கியது. இந்த வாரம் முழுக்க அப்படித்தான். அக்காவே புட்டிப் பாலைக் கலக்கி எடுத்து வந்தாள். "கவலைப்படாதே, வேலைக்குப் போக ஆரம்பிச்சா எல்லாருக்கும் இப்படித்தான் வத்திப் போகும்" என்று சொல்லி அவளை வாசலுக்கு அனுப்பினாள்.

ஆனால் வற்றவில்லை. அதைத்தான் அவள் அக்காவிடம் சொல்லவில்லை.

அவள் வேலை செய்துகொண்டிருந்த படத்தில் கதை என்று ஒன்று கிடையாது. ஒரு பெண், ஒரு வீடு. வீட்டுக்குப் பசி. அலமாரியின் இழுப்பறை வாயைத் திறக்கும், அந்தப் பெண் குனிந்து பால் கொடுப்பாள். பிறகு சுவர். பிறகு படிக்கட்டு. பிறகு ஒரு நீளமான மேசையில் கழுத்தில் துண்டு கட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கும் வளர்ந்த ஆண்கள். கொடுக்கக் கொடுக்க வீடு கொழுத்துப்போகும், சுவர்கள் கன்னம் மாதிரி உப்பும், அவளோ மெலிந்துகொண்டே வருவாள். கடைசியில் கொடியில் இரண்டு கிளிப்பு போட்டுத் தொங்கவிட்ட சட்டையாக அவள் காற்றில் ஆடுவாள், அப்போதும் அவளிடமிருந்து சொட்டிக்கொண்டிருக்கும், கீழே யாரோ வாளியை நகர்த்தி வைப்பார்கள். வசனம் இல்லை, இசை இல்லை. புரிகிறதோ இல்லையோ, பார்த்தவர்கள் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை.

படத்தை எடுத்தவரை ஸ்டுடியோவில் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். டைரக்டருக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது, கூட வேலை செய்கிறவர்கள்தான் பிள்ளைகள். பத்தொன்பது வயதில் ஒரு பையோடு வந்து நின்ற அவளுக்குத் தன் வீட்டிலேயே அறை கொடுத்தவர். காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடிய உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டவர். சாப்பிட்டாயா என்று கேட்காமல் ஒரு நாளும் வேலையை ஆரம்பிக்க மாட்டார். பன்னிரண்டு வருடத்தில் அவர் கேட்ட எதற்கும் அவள் முடியாது என்று சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதும் இல்லை. பாசம் காட்டுகிறவர்களிடம் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிற ரகம் அவள்.

படத்தின் கடைசிப் பகுதியில், சுவருக்குள்ளிருந்து ஒரு குழந்தை அழ வேண்டும். பதினோரு நிமிடம், இடைவெளியே இல்லாமல். ஸ்டுடியோவின் சேமிப்பில் இருந்த அழுகைகளை எல்லாம் அவள் போட்டுக் காட்டினாள். டைரக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

"இதெல்லாம் யாரோ வருவாங்கன்னு தெரிஞ்சு அழறது. எனக்கு அது வேண்டாம்." பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "வீட்டுல ஒண்ணு இருக்கே, கண்ணு."

ஒன்பது நாளைக்கு முன்னால், ஒரு மத்தியானம், அவள் அதைச் செய்தாள். அக்காவை மருந்துக்கடைக்கு அனுப்பினாள். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாள். மின்விசிறியை நிறுத்தி, ஃபிரிட்ஜை அணைத்து, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றி வைத்தாள். தொட்டிலுக்கு ஒரு சாண் மேலே மைக். காதில் ஹெட்ஃபோன். குட்டிக்குப் பால் நேரம் இரண்டு மணி. இரண்டே காலுக்கு அழுகை ஆரம்பித்தது.

முதல் தடவை தெருவில் ஒரு லாரி ஹாரன் கெடுத்தது. இரண்டாம் தடவை பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்தார்கள். மறுபடி முதலிலிருந்து. கோபமாக இருந்த அழுகை கெஞ்சலானது. கெஞ்சலும் தாண்டி, இனி யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் வேறென்ன செய்வது என்று தெரியாமல் அழுகிற அழுகையானது. அவளுக்குப் புல்லரித்தது. வருத்தத்தில் இல்லை. இதுதான், இதைத்தான் கேட்டார் என்ற சந்தோஷத்தில். சட்டை முழுக்கப் பாலில் நனைந்துவிட்டது. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் குழந்தை அவளையே பார்த்துக் கதறியது. அவள் ஒலியின் அளவைக் காட்டும் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் சிவப்பைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கவலை. பதினோரு நிமிடம் ஆனதும் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு, "இதோ அம்மா வந்துட்டேன்டா, வந்துட்டேன், வந்துட்டேன்" என்று வாரி எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். அழுகை நின்றது. விக்கல். பிறகு பால் இறங்குகிற சத்தம். ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் டைரக்டர் கண்ணை மூடிக் கேட்டார். கன்னத்தில் நீர் வழிந்தது. "கடைசியில வர்ற அந்த சமாதானம் மட்டும் வேண்டாம் கண்ணு. இந்த வீட்டுக்குள்ள யாரும் வரமாட்டாங்க."

வேண்டிய சத்தத்துக்குப் பின்னால் மிச்சம் இருக்கிற பகுதியை அவர்கள் வால் என்பார்கள். வாலை நறுக்கித் தூக்கிப் போடுவது அவளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. அன்றும் நறுக்கினாள். "இதோ அம்மா வந்துட்டேன்டா" என்ற தன் குரலையும், விக்கலையும், பால் இறங்கிய சத்தத்தையும் அழித்தாள். சாயங்காலமே ரெக்கார்டரின் மெமரி அட்டையையும் வழக்கம்போல் காலியாக்கி அலமாரியில் வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போனபோது குட்டி விழித்துக்கொண்டு அமைதியாகக் கிடந்தது. "இன்னிக்கு சைரனே இல்லைடி" என்று அக்கா சிரித்தாள்.

இன்றைக்கும் ஒலியறைக்குள் நுழைந்து கனமான கதவைச் சாத்தியதும், வெளியுலகம் வழக்கம்போல் அறுந்து விழுந்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெங்கும் சாம்பல் நிறப் பஞ்சு. சூடான கம்பிகளின் வாசனை, பழைய கம்பளத்தின் வாசனை, அதோடு சில நாட்களாகப் புளித்த பாலின் வாசனை. அது தன் உடம்பிலிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். அழுகையை ஓடவிட்டாள். இரண்டாவது நொடியில் மார்பு கனத்தது, சுருக்கென்று குத்தியது, மடித்து வைத்திருந்த துணியைத் தாண்டி நனைந்தது. வீட்டில் ஒரு சொட்டுக்கு வழியில்லாத உடம்பு, இங்கே நிற்காமல் கொட்டியது.

முதல் நாள் டைரக்டர் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு அவள் தலையைத் தடவியிருந்தார். "பாரேன், உடம்புக்கே தெரியுது. அவ்வளவு உண்மையான சத்தம்."

திரையில் கொடியில் தொங்கும் பெண் ஆடினாள். படம் முடிந்து திரை கறுத்தது. அழுகை முடியவில்லை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில், அவள் கையெழுத்தில், பதினொன்று என்றுதான் இருந்தது. அழுகையின் நீளம் பன்னிரண்டு நிமிடம் பத்து நொடி என்று காட்டியது. நேற்றும் இப்படித்தான் நாற்பது நொடி கூடியிருந்தது. தன் கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டு சரியாகப் பதினொன்றில் வெட்டியிருந்தாள். இன்றும் வெட்டினாள். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள்.

பதினான்கு நிமிடம்.

கூடியிருந்த அந்த மூன்று நிமிடத்தைக் கேட்டாள். அவள் வீட்டுத் தொட்டில் கிறீச்சிடுகிறது. கம்பளி போட்ட ஜன்னலின் மந்தம் அப்படியே இருக்கிறது. அதே அறை, அதே மத்தியானம். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது. நிறைய நேரம் அழுத குரல்.

அப்போது ஃபோன் அதிர்ந்தது. அக்கா.

"ஏய், தடுப்பூசி போடக் கூட்டிட்டு வந்தேன்டி." அக்காவின் குரல் தடுமாறியது. "குத்தினாங்க. வாயைத் திறந்தா. அவ்வளவுதான். எனக்குத்தான் அழுகை வந்துது. தொண்டையை எல்லாம் பார்த்துட்டாங்க, நல்லாத்தான் இருக்காம். ஆனா எடை... போன தடவையைவிட முக்கால் கிலோ குறைஞ்சிருக்கு. நாளைக்கே அட்மிட் பண்ணணும்கிறாங்க. இப்படியே இறங்கினா தாங்காதாம்."

"புட்டிப் பால்..."

"குடிக்கிறாளே! நான்தானே கொடுக்கறேன், கடைசிச் சொட்டுவரைக்கும் குடிக்கிறா. எங்கதான் போகுதுன்னு தெரியலைடி."

அழுகையை நிறுத்திவிட்டுத்தான் ஃபோனை எடுத்திருந்தாள். நிறுத்தியது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் மீட்டரின் முள் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

ஹெட்ஃபோனை எடுத்து ஒரு காதில் வைத்தாள்.

அழுதுகொண்டிருந்தது.

அப்போதுதான் விளங்கியது. அங்கே இன்னும் யாரும் போகவில்லை. தொட்டிலிலிருந்து யாரும் தூக்கவில்லை, யாரும் பால் கொடுக்கவில்லை. தூக்கியதை அவளே வெட்டி எறிந்துவிட்டாள். ஒன்பது நாளாக அந்த மத்தியானம் முடியாமல் நிற்கிறது. ஒன்பது நாளாக அவள் மகள் அதற்குள் பசியோடு கிடக்கிறாள்.

"அக்கா, குட்டியை இங்க கூட்டிட்டு வா. இப்பவே."

அலமாரியில் இருந்த அட்டைகளை எல்லாம் தரையில் கொட்டித் தேடினாள். அந்த வால் எங்கேயும் இல்லை. டைரக்டர் வந்து வாசலில் நின்று, தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். அவள் எதையெதையோ உளறினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகை நீவிவிட்டார்.

"அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி சேர்க்கணும்மா. நான் போய் அவளைத் தூக்கணும்."

"சேர்த்துடலாம் கண்ணு, இதுக்கா அழறே? குழந்தை வரட்டும். ரெண்டு மைக் போட்டுடலாம். எது நல்லா வருதோ அதை வெச்சுப்போம்." எழுந்துகொண்டே கேட்டார். "நீ சாப்பிட்டியா?"

அக்கா மூச்சு வாங்க வந்து குழந்தையைக் கொடுத்தாள். துணிப்பையைத் தூக்குகிற மாதிரி இருந்தது. அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். துண்டில் சுற்றிய பால் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். கதவு சாத்தியது. வெளியே சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் யாரும் கதவைத் தொடக்கூடாது.

அறை நடுவில் நாற்காலி. எதிரே ஒலிபெருக்கி, அதன் முன்னால் ஒரு மைக். குழந்தையின் முகத்துக்கு ஒரு சாண் மேலே இன்னொரு மைக். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் டைரக்டர். தடுப்புக்கு இந்தப் பக்கம், அவள் பார்வைக்கு நேராக, இரண்டு மீட்டர்கள். இடது முள் ஒலிபெருக்கிக்கு. வலது முள் மடியில் இருக்கும் குழந்தைக்கு.

அழுகை அறைக்குள் வந்தது. கம்மிப்போன, தேய்ந்துபோன அழுகை. மூச்சுக்கு நடுவே நீண்ட இடைவெளி. இப்படியா விட்டுவிட்டுப் போனேன். இப்படியா.

சட்டைப் பொத்தானைக் கழற்றினாள்.

"இதோ அம்மா வந்துட்டேன்டா," என்றாள். "வந்துட்டேன், வந்துட்டேன்."

அழுகை திக்கியது. நின்றது.

அறையில் ஒன்றுமே இல்லாத ஒரு நொடி.

பிறகு ஒலிபெருக்கியில் ஒரு விக்கல். மார்பில் ஏதோ கவ்வியது.

ஈரமான, சூடான, சின்ன வாய். அவளுக்கு நன்றாகப் பழகிய பிடி. பால் இறங்கியது. ஒலிபெருக்கியில் ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. இடது முள் எழுந்தது, விழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

மடியில் குட்டி மல்லாந்து கிடந்தது. வாய் மூடியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. அவளையே பார்த்தது.

அவசரமாக அதைத் தூக்கி மார்பில் வைத்தாள். உதடு வழுக்கியது. அங்கே இடம் இல்லை. மறுபக்கம் மாற்றினாள். மாற்றியதுமே அந்தப் பக்கமும் கவ்வியது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. சட்டை நனையவில்லை. எல்லாம் போய்க்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கி ம்ம், ம்ம் என்று முனகியது. வயிறு நிறையும்போது குட்டி போடுகிற சின்ன முனகல். உலகத்தில் எந்தக் குழந்தைக்கும் அது கிடையாது. அவள் மகளுக்கு மட்டும்தான். அது அவள் மகளின் குரல். இது அவள் மகளின் முகம்.

எழுந்துவிடலாம். எழுந்தால் அந்தக் குரல் மறுபடியும் தனியாக அழும்.

குட்டி வாயைத் திறந்தது. முகம் சிவந்தது. கண் இடுங்கியது. கை முறுக்கியது.

"அக்கா!" என்று கத்தினாள். பஞ்சுச் சுவர் அதை வாங்கிக்கொண்டது. வெளியே அக்கா சிவப்பு விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

தடுப்புக்கு அப்பாலிருந்து டைரக்டரின் குரல் மிருதுவாக வந்தது. அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. "அசையாதே கண்ணு. ரொம்ப நல்லா வருது."

அவள் அசையவில்லை.

ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. கைக்குக் குழந்தையின் கனம் குறைந்துகொண்டே வந்தது. அன்றைக்கு மாதிரி இன்றைக்கு அவள் முள்ளைப் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்தாள். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். பல் முளைக்காத ஈறு தெரிய, வாயை முழுக்கத் திறந்து, குட்டி அவளைப் பார்த்து அழுதது. ஒரு சாண் மேலே மைக் இருந்தது. வலது முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.